நாலு விரல் இடைவெளி

பயம் எப்படி உண்டாகிறது என்பது இந்த உலகத்தில் மிர்லானுக்கு மட்டுமே தெரியும். திரைப்படக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் அவன் இதை அடக்கத்தோடுதான் சொல்லிக்கொள்வான். பேய் வேண்டாம், ரத்தம் வேண்டாம். கதவை நாலு விரல் அகலம் திறந்து வை. கேமராவை அசைக்காதே. பார்க்கிறவன் தாங்குகிற நேரம் முடிந்த பிறகும் ஏழு வினாடி காத்திரு. கதவுக்குப் பின்னால் இருப்பதை அவனே செய்துகொள்வான். அதற்குச் சம்பளமும் கேட்கமாட்டான்.

"இருட்டைப் பாத்து 'யாரு?'ன்னு கேக்குற ஆளு என் படத்துல கிடையாது. நெஜமா பயந்தவன் ஓடுவான். கேக்குறவன் கழுதை."

"சரிங்க டைரக்டர் சார்," என்றாள் பெகாயிம். அவன் தோள் உயரம்தான் இருப்பாள்; பச்சைச் சட்டை போட்டிருந்தாள். ஒலிப்பதிவு, விளக்கு, தேநீர் எல்லாம் அவள் பொறுப்பு. "மொதல்ல வாய மூடு. ஒரு நிமிஷம் அமைதியப் பதிவு பண்ணணும்."

பிஷ்கெக் நகரத்தில் அப்போது பகல் இரண்டு மணி. மிர்லானுடைய அக்காவின் ஒன்பதாம் மாடி வீட்டுக்குள் மட்டும் நள்ளிரவு. ஜன்னல்களில் தடித்த மெத்தைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். மாஸ்கோவில் வேலை பார்க்கும் அக்காவுக்கு ஆணி விஷயம் தெரியாது. ஆரஞ்சுத் தாள் சுற்றிய ஒரே விளக்கு சுவரில் அழுக்கு மஞ்சளைப் பூசியிருக்க, வெந்நீர்க் குழாய்கள் எங்கோ கீழ்மாடியில் முனகிக்கொண்டிருக்க, மெத்தைகளின் கம்பளி வாடையோடு தெருவின் நிலக்கரிப் புகையும் உள்ளே ஊறிக் கிடந்தது. இருவரும் அசையாமல் நின்றார்கள்.

பெகாயிம் ஹெட்போனைக் கழற்றினாள். "வாசக்கதவுகிட்ட யாரோ மூக்கால மூச்சு விடுறாங்க."

"ஃபிரிட்ஜ்."

"அதோட வயரைப் பிடுங்கி அரை மணி நேரமாச்சு."

மிர்லான் கதவின் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தான். மாடிப்படி காலி. உள்ளறைக் கதவுக்குப் பின்னால் வெறுமனே நிற்க டெமிர் வரவேண்டியிருந்தது. அவனுக்காகத் தாழ்ப்பாளைத் திறந்து வைத்துவிட்டு, "எதுத்த வீட்டு நாயா இருக்கும்," என்றான்.

"எதுத்த வீட்ல நாயே இல்லடா."

அவள் தேநீர் போட சமையலறைக்குப் போனாள். எடுத்த காட்சிகளை அவன் போனில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது வாசற்கதவு திறந்தது. வாசல் நடையில் எதையோ கழற்றி வைக்கும் சத்தம். அவன் தலை தூக்கவில்லை. வாசலில் வந்து நிற்பவர் யாரானாலும், பகையாளியே ஆனாலும், ரொட்டியில் ஒரு விள்ளல் வாயில் வைக்கச் சொல்வது அவன் ஊரில் யோசித்துச் செய்கிற காரியமில்லை. வாய் தானாகச் சொல்லும்.

"வா, வா. ரொட்டிய வாயில வெச்சுட்டு உள்ள போ."

ஒரு கணம் தயக்கம். பிறகு வெறுங்காலடிகள். மேசையில் ரொட்டி பிய்க்கும் ஓசை. உள்ளறைக் கதவு கிறீச்சிட்டது.

பெகாயிம் கோப்பைகளோடு திரும்பினாள். "டெமிர் வந்துட்டானா?"

"உள்ள நிக்கிறான். வசனம் இல்லாத வேஷம்னு சொன்னேன், ஒரு வணக்கம்கூட இல்ல. பொறவி நடிகன்."

அவள் சிரித்துக்கொண்டே, மூச்சொலியைப் பிடிக்கக் காலர் மைக்கை எடுத்துக்கொண்டு இருட்டு உள்ளறைக்குள் போனாள். கதவு அவள் பின்னால் நாலு விரல் விட்டு நின்றது. மிர்லான் போனை அந்த இடைவெளிக்கு நேராக நிறுத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டான். காதுக்குள் துணி உரசியது. பெகாயிமின் குரல் மிக அருகில் கேட்டது.

"டெமிர், கொஞ்சம் குனி. எட்டல."

உரசல்.

"இன்னும் குனிடா."

படம் ஓடிக்கொண்டிருந்த திரையில் அழைப்பு வந்து விழுந்தது. டெமிர். மிர்லான் ஒரு காது ஹெட்போனை விலக்கிவிட்டு எடுத்தான்.

"அண்ணே, திட்டாதீங்க. மினிபஸ் ஓஷ் சந்தைகிட்டயே நின்னுபோச்சு. இன்னொன்னு புடிச்சு வந்துடறேன்."

அழைப்பு அறுந்தது.

நடையைப் பார்த்தான். அவனுடைய பூட்ஸ். அவளுடைய பூட்ஸ். மூன்றாவது ஜோடி இல்லை.

அப்படியானால் கழற்றியது எதை?

"மிர்லான்," என்றாள் அவள், ஹெட்போனுக்குள், சத்தமே வராமல். "இவன் ஏன் மூச்ச மூக்காலயே..."

அவ்வளவுதான்.

வாசற்கதவு இரண்டே எட்டு. திறந்துதான் இருந்தது. படிகள். தெரு. பகல். கால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. உள்ளே பெகாயிம்.

காதில் மூச்சு. இரண்டு இருக்க வேண்டும். எண்ணினான். ஒன்று. மறுபடி எண்ணினான்.

ஒன்று.

கால் திரும்பி வந்தது. உள்ளறைப் பக்கம். ஒரு அடி. இன்னொன்று. விளக்கின் மஞ்சள் எட்டாத இடத்தில் நின்றான். 

"யாரு?" என்றான், மெல்ல.

கதவு அசையவில்லை. இடைவெளியில் ஒரு கை வந்தது. பெகாயிமின் பச்சைச் சட்டைக் கை. கதவு நிலையின் மேல் சட்டத்தை ஒட்டி, அவன் தலைக்கும் மேலே இருந்து வந்தது. இரண்டு விரல்களுக்கு நடுவே காலர் மைக்கைப் பிடித்திருந்தது. கை நீண்டது. இன்னும் நீண்டது. மைக்கை அவன் வாய்க்கு நேராக இறக்கி, சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு முறை சொல் என்பதுபோல் அங்கேயே காத்திருந்தது.

"யாரு?" என்றான்.