ஒரே ஒரு தடவை ஓட்டிய வண்டி

முன் டயரின் இடது ஓரத்தில் ரப்பர் முடிகளைக் காணோம்.

புது டயரில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்குமே, அவைதான். கொஞ்சம் ஓடினாலே தேய்ந்துவிடும். ஓடாத வண்டி என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி பழைய வண்டி வியாபாரத்தில் கிடையாது. நேற்று விளம்பரத்துக்குப் படம் எடுத்தபோது இரண்டு பக்கமும் இருந்தன. வியாபாரி கூடத்தில் குத்தவைத்து உட்கார்ந்து மறுபடி தடவினான். வலது பக்கம் விரலைக் குத்தியது. இடது பக்கம் வழவழவென்றிருந்தது. ஒரே பக்கம் சாய்ந்து வட்டமடித்தால்தான் இப்படித் தேயும். டேங்கில் சொட்டு பெட்ரோல் இல்லை. சாவி அவன் சட்டைப் பையில்.

பெரிய பந்தய வீரர் ஒருவர் தன் மகளுக்கென்று கம்பெனியில் சொல்லிச் செய்யவைத்த குட்டி மோட்டார் சைக்கிள் அது. கூடவே ஒரு பழைய போட்டோவும் வந்தது. வண்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி, கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட பச்சைப் புண். “ஒரே ஒரு தடவைதான் ஓட்டினா” என்று வண்டியை விற்ற, அந்த வீரரின் உறவினர் சொன்னார். அதை அப்படியே விளம்பரத்தில் போட்டான். அப்புறம் ஏன் ஓட்டவில்லை என்று கேட்கவில்லை. நல்ல சரக்கு கையில் சிக்கும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அவன் தொழில் புத்தி. அளவு தெரியட்டும் என்று தன் மகளையே சீட்டில் உட்காரவைத்துப் படமும் எடுத்தான்.

இப்போது அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். மகள் டேங்கோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பின்னால் சீட் காலியாக இருந்தது. ஆனால் அமுங்கியிருந்தது.

“குட்டி, ஏம்மா இப்படி நெருக்கிக்கிட்டு உட்கார்ந்தே?”

“அந்த அக்கா நகரவே மாட்டேங்குது. நான் என்ன பண்றது?”

“எந்த அக்கா?”

“சுத்திக்கிட்டே இருக்கிற அக்கா. வேற யாராவது ஏறினாத்தான் அவங்க இறங்க முடியுமாம்.”

வண்டி இனி ஒரு நிமிஷமும் இந்த வீட்டில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். விளம்பரம் பார்த்து வண்டியை வாங்க அடுத்த வாரம் வருவதாக இருந்த டாக்டரை உடனே வரச்சொன்னான். மகளை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினான். வண்டியின் தேய்ந்த இடது பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்தான். பயத்திலும் வியாபாரம் மறக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் டாக்டரே வேன் ஓட்டிக்கொண்டு வந்தார். அதற்குள் கூடமெங்கும் பெட்ரோல் வாடை. டாக்டர் சைலன்சரைத் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“சுடுதே. இப்பதான் ஓட்டினீங்களா?”

“வெயில்ல நின்னுச்சு சார்.”

கூடத்துக்குள் வெயில் வருவதேயில்லை. இருவரும் பலகையில் உருட்டி வண்டியை வேனுக்குள் ஏற்றினார்கள். பின்கதவு மூடியது. வேன் தெருமுனை திரும்பியது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. கண்கூடக் கலங்கிவிட்டது.

பக்கத்தில் ஒரு சின்னக் கை வந்து அவன் கையைப் பிடித்தது.

“வந்துட்டியா குட்டி? இனிமே பயமில்லைடா.”

கை சூடாக இருந்தது. காய்ச்சலோ என்று நினைத்தான்.

போன் அடித்தது. டாக்டர்.

“என்ன சார் இது, உங்க பொண்ணு வேன்ல இருக்கு.”

“இல்லையே சார். இங்க என் பக்கத்துல நிக்கிறா.”

“வண்டி மேல உட்கார்ந்திருக்கு சார். தூக்கினா வர மாட்டேங்குது. அப்பாவைக் கூப்பிடுங்கன்னு அழுவுது.”

போனுக்குள் அழுகை கேட்டது. பெற்றவனுக்குத் தெரியாதா அந்தக் குரல்.

அவன் தலையைத் திருப்பவில்லை. பார்வை மட்டும் கீழே போனது. தன் செருப்பு. அதை ஒட்டி ஒரு சின்னப் பாதம். கெண்டைக்கால்.

பச்சைப் புண்.

பிடி இறுகியது.

“அப்பா” என்றது அது. “உள்ளே போகலாமா?”