அவ சொன்னா சரியா இருக்கும்

பெட்டிகளோடு அவள் அந்தப் பழைய வீட்டுக்கு வந்து இறங்கியபோது வாசல் பூட்டே மக்கர் பண்ணியது. கணவன் அதோடு மல்லுக்கட்டவில்லை. கைபேசியை எடுத்து எதையோ படித்தான். கதவை முழங்காலால் லேசாக உந்திக்கொண்டு சாவியைத் திருப்பினான். பூட்டு திறந்துகொண்டது.

"அவ எழுதி வச்சிருக்கா," என்றான்.

'அவ' என்றால் மூத்தவள். அவனுடைய முதல் மனைவி, காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். இருந்தவரைக்கும் இந்த வீட்டைப் பற்றியே ஒரு இணையதளம் நடத்தினாளாம். எந்த ஜன்னல் மழையில் உப்பும், எந்தக் குழாயை எப்படித் திருப்பினால் ஒழுகாது, எந்தக் கறை எதில் போகும், எல்லாம் அதில் உண்டு. ஊரார் படித்தார்களோ இல்லையோ, புருஷன் படித்தான். இன்றும் படிக்கிறான். சட்டைக் கறைக்கு இவள் ஒரு வழி சொன்னால், "இரு, பார்த்துடறேன்" என்று கைபேசியைத் தேய்ப்பான்.

"அவ சொன்னா சரியா இருக்கும்."

கேட்கும்போதெல்லாம் இவளுக்கு வயிறு எரிந்தது. உயிரோடிருக்கும் சக்களத்தி என்றால் சண்டையாவது போடலாம். செத்தவளை என்ன செய்வது?

அதுவும் யாரிடம் வந்து இந்தப் பேச்சு! ஒரு செய்தி நிறுவனத்தில் இவளுக்கு வேலையே, இணையத்தில் வருவதை நம்பலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்வதுதான். யார் எழுதியது, எப்போது எழுதியது, இன்னொருவரும் அதையே சொல்கிறாரா என்று தெரியாமல் எதையும் விடமாட்டாள். அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'சந்தேகம்'.

"ஒரே ஒரு தப்பு கிடைக்கட்டும். அப்புறம் இருக்கு உனக்கு," என்று கறுவிக்கொண்டு, ஒரு விடுமுறை நாளில் கணவன் வெளியே போனதும் தளத்தைத் திறந்தாள். அதில் இருந்ததை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். குழாய் ஒழுகவில்லை. கறை போயிற்று. பாழாய்ப்போனவள், எல்லாவற்றையும் சரியாகத்தான் எழுதித் தொலைத்திருந்தாள்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஒரு புதுக் குறிப்பு கண்ணில் பட்டது. காலையில் அது இல்லை. சத்தியமாக இல்லை.

'மாடிச் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், உள்ளேயிருந்து திறக்க வராது.'

எழுதிய தேதி, இன்று.

தேதியை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு, தானாக வெளியாகும்படி நாள் குறித்து வைத்துவிட்டுப் போயிருப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். நேற்றுதான் அந்த அறையில் காலிப் பெட்டிகளை வைத்தாள். உள்பக்கம் நல்ல கைப்பிடி இருந்தது.

"மாட்டினியா!" என்று துள்ளி எழுந்தாள்.

மாடி ஏறினாள். ஜன்னலில்லாத அறை. தூசியும் பழைய அட்டையும் நாறின. உள்ளே நின்று, வேண்டுமென்றே கதவை அறைந்து சாத்தினாள்.

கைப்பிடி திரும்பியது. கதவு திறக்கவில்லை.

தோளால் இடித்தாள். முழங்காலால் உந்தினாள்.

ஊஹூம்.

இருட்டில் ஈரத் தலைமுடியின் வாசனை வந்தது. இவள் தலை காய்ந்திருந்தது.

கைபேசியில் டவர் இல்லை. மூத்தவளின் இணையப் பக்கம் மட்டும் தானாகத் திறந்தது. குறிப்பின் கீழே ஒரு வரி சேர்ந்திருந்தது.

'சரிபார்த்தவர்: என் தங்கச்சி.'

கீழே வாசல் கதவு திறந்தது. அவன்தான்! "என்னங்க!" என்று கத்த வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை. தொண்டையில் குரலே இல்லை.

இரண்டு கையாலும் கதவை அடித்தாள். படியில் காலடிச் சத்தம் ஏறி வந்து கதவுக்கு வெளியே நின்றது.

"என்ன சத்தம் இது? இரு, பார்த்துடறேன்."

அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். அவன் மெதுவாக வாய்விட்டுப் படித்தான்.

"'சாமான் அறையில் தட்டும் சத்தம் கேட்டால் அது எலி. கதவைத் திறக்க வேண்டாம். எழுதியது, அக்காவும் தங்கச்சியும்.' அட, இவளும் சேர்ந்து எழுதியிருக்காளே!" அவன் குரலில் சந்தோஷம். "அப்ப சரியாத்தான் இருக்கும்."

காலடி இறங்கிப் போனது.

அறையில் ஈரமுடி வாசனையும் இப்போது இல்லை.

"எங்கம்மா இருக்கே?" கீழே அவன் கூப்பிட்டான்.

"இங்கதாங்க," என்றது இவளுடைய குரல்.

அவன் சிரித்தான். இவளிடம் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.