கந்தவேலின் காலி அட்டைகள்

ஜூலை 14, திங்கள். குமாரபாளையம்.

முதலில் என் பிழை. காசநோயாளிகளுக்கு மருந்து கொடுத்துக் கண்காணிக்கும் நான், பதினேழு வாரமாகக் கந்தவேலின் பதிவேட்டில் 'மாத்திரை விழுங்கியதைப் பார்த்தேன்' என்று எழுதி வருகிறேன். முதல் இரண்டு வாரம் பார்த்தது உண்மை. பிறகு பார்த்தது காலி அட்டைகளை மட்டும். எண்ணி வாங்கினேன், ஒன்றும் குறையவில்லை. சிறிய பிழை என்றுதான் இன்று காலை வரை நினைத்திருந்தேன்.

காலை 10.15. காசநோய்ப் பிரிவு. கந்தவேலின் நான்காம் மாதச் சளி முடிவு வந்தது. கிருமி உயிரோடு இருக்கிறது. அவர் விசைத்தறித் தொழிலாளி, வயது நாற்பத்தாறு. வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய். இப்போது கொடுக்கும் மருந்தும் பலிக்காவிட்டால் அடுத்துக் கொடுக்க அதிகம் எதுவும் இல்லை.

டாக்டர் தனசேகர் காலி அட்டைப் பையை என் பக்கம் தள்ளினார். "வித்திருப்பான். இல்லைன்னா காவிரியில போட்டிருப்பான். நாளைக்குப் பதினோரு மணிக்கு 'ஒத்துழைக்காதவர்'னு எழுதி மருந்தை நிறுத்தப் போறேன் கயல்விழி."

ஒரு நாள் அவகாசம் கேட்டேன். நாளை பதினோரு மணிவரைதான் என்றார்.

11.00. லைன் வீடு, தறி முதலாளி தன் ஆட்களுக்கு விட்டிருக்கும் வரிசை வீடுகளில் ஒன்று. கந்தவேல் கட்டிலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்.

"மாத்திரை போடறீங்களா?"

"அட்டை காலியாத்தானுங்க இருக்குது."

"நான் அட்டையைக் கேக்கலைங்க."

"இத்தனை நாளா வேற என்னத்தைக் கேட்டீங்க அம்மணி?"

எடை பார்த்தேன்: நாற்பத்தொரு கிலோ. சிகிச்சை அட்டையில் ஒட்டியிருந்த படத்தோடு முகத்தை ஒப்பிட்டேன். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது; மற்றபடி அதே மாநிறம். மருந்து தொடங்கிய அன்று, இதில் ஒரு மாத்திரை போகப்போக முகத்தைக் கருக்க வைக்கும், பயப்பட வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். எமனுக்கு அடையாளம் தெரியாமல் போனால் நல்லதுதானே என்று அன்று சிரித்தார்.

11.40. அடுத்த சுவரே தறிக் கொட்டகை. அவர் மனைவி முத்தாயம்மாள் அங்கே தறிக்கு வேண்டிய தார், அதாவது ஊடைநூல் கண்டு, சுற்றுகிறார். காலை ஏழு முதல் இரவு ஏழு வரை, வாரம் ஏழு நாளும் வேலை. காற்றுப் பட்டால் நூல் காய்ந்து அறுந்துபோகும் என்று ஜன்னல் எல்லாவற்றையும் சாக்கு வைத்து அடைத்திருக்கிறார்கள். உள்ளே இருபத்தாறு பேர்.

டீ நேரத்தில் வெளியே வந்தார். கணவர் மருந்து போடுகிறார் என்று அடித்துச் சொன்னார். பேச்சை வளர்ப்பதற்காக, ஆளே கறுத்துப் போய்விட்டீர்களே என்றேன்.

"ஆனி வெயில் சும்மா உடுமா அம்மணி? கறுத்தாலும் களை போகலீங்க" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. பஞ்சுத் தூசி என்றார். நான்கு தறி தார் இல்லாமல் நிற்கிறதென்று முதலாளி சந்திரசேகர் உள்ளிருந்து கூப்பிட, ஓடினார்.

மாலை 4.30. குறிப்புகளை மூன்று முறை படித்தேன். என் நினைவை நான் நம்புவதில்லை. மூன்றாம் முறை படித்தபோதுதான் உறைத்தது.

5.10. மறுபடி லைன் வீடு. அடுத்த டீ நேரம், இருவரும் இருந்தார்கள். கதவைச் சாத்தினேன்.

"மாத்திரையைப் போட்டது நீங்கதானுங்க, முத்தாயக்கா."

அவர் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டார்.

"வெயில் ஏறுமுன்ன உள்ள போயி, இருட்டினாத்தான் வெளிய வாறீங்க. உங்களுக்கு ஏதுங்க வெயிலு? கறுக்க வேண்டிய முகம் கறுக்கலை. வெயிலே படாத முகம் கறுத்திருக்குது."

கந்தவேல்தான் வாய் திறந்தார். "நாந்தானுங்க குடுத்தேன். ரெண்டு வாரத்துல இவளுக்கும் இருமல் வந்துருச்சு. இவ சம்பளம் நின்னா ஊடும் போயிருமுங்க."

ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாமே என்றேன்.

"எனக்கு நோவுன்னு தெரிஞ்சப்ப உங்க ஜீப்பு கொட்டாய் வாசல்லயே நின்னுச்சுங்க. மறுநாள் என்னைய வேலைய உட்டு நிறுத்தினாங்க. இன்னொரு ஆளு இருமினா ஊட்டையும் காலி பண்ணோணும்னு மொதலாளி சொல்லிப்போட்டாரு. யாருட்டப் போயிச் சொல்லுறது?"

அந்த ஜீப்பில் நானும் இருந்தேன். 'வீட்டில் வேறு யாருக்கும் அறிகுறி இல்லை' என்று எழுதியதும் நான்தான். அன்று முத்தாயம்மாள் வேலைக்குப் போயிருந்தார். கேட்காமலே எழுதினேன்.

5.40. டாக்டருக்கு போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அதிகாரியிடம் குரலை உயர்த்தினேன். விற்றான் என்றீர்களே, மனைவியைக் காப்பாற்ற நான்கு மாதமாகத் தன் மூச்சைக் கொடுத்திருக்கிறார் அந்த மனிதர். அந்த அம்மா பரிசோதனை இல்லாமல், இதயத் துடிப்பைக்கூட யாரும் பார்க்காமல், இவ்வளவு கடுமையான மருந்தை விழுங்கியிருக்கிறார். அடைத்த ஜன்னலுக்குள் இருபத்தாறு பேர் அதே காற்றை இழுக்கிறார்கள். ஜன்னலை அடைத்தவரையும், இருமினால் வீடில்லை என்றவரையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நாம் அட்டையை எண்ணிக்கொண்டிருந்தோம்.

டாக்டர், "'ஒத்துழைக்காதவர்'னு நான் எழுதலை. ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்ப்போம். கொட்டகை விஷயத்தைக் கலெக்டர் ஆபீசுக்கு நானே எழுதறேன்" என்றார். எழுதுவாரா என்று தெரியவில்லை. நகல் கேட்டு வாங்க வேண்டும்.

நாளை: காலை ஆறே கால். முத்தாயம்மாள் வேலைக்குப் போகும் முன் இரண்டு சளிக் குப்பிகளோடு லைன் வீட்டுக்குப் போக வேண்டும். ஜீப் வேண்டாம், நடந்து. கந்தவேல் மாத்திரையை விழுங்கி, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டிய பிறகே பதிவேட்டைத் திறக்க வேண்டும்.