பூஜ்யம் காட்டிய பம்ப் ரூம்

லேபில் போன் அலறியது!

எடுத்தவள் அந்த உரத் தொழிற்சாலையின் லேப் டெக்னீஷியன்.

"அக்கா..." கன்ட்ரோல் ரூமிலிருந்து, அவள் வீட்டிலேயே தங்கி வேலை பார்க்கும் தம்பி. "மாமா பம்ப் ரூம் வாசல்ல விழுந்துட்டாருக்கா... மூச்சு இல்லக்கா!"

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

அதற்குள் வெளியே தூக்கி வந்து போர்த்தியிருந்தார்கள். விலக்கிப் பார்த்தாள். வெந்து சிவந்த கண்கள். நுரை தள்ளிய வாய். காலையில் பஸ்ஸில் அவள் தோளில் தூங்கி வழிந்த புருஷன்... பாவி, போயே போய்விட்டான்!

போலீஸ் வந்தது.

"மாரடைப்பு," என்றார் மேனேஜர் இன்ஸ்பெக்டரிடம். "நல்ல ஆபரேட்டர். பாவம்."

"பொய்!" அவள் கத்தினாள். "கண்ணப் பாருங்க சார், அம்மோனியா பட்ட கண்ணு! மாரடைப்புன்னு எழுதி மூடப் பாக்கறாங்க!"

"ஏம்மா, கேஸ் கசிஞ்சா புது கம்ப்யூட்டர் சும்மா விடுமா? அலாரம் கத்தும், ப்ளான்ட் தானா நின்னுடும். காலையிலருந்து கேஸ் அளவு பூஜ்யம்தான் காட்டுது!" என்றார் மேனேஜர்.

"பூஜ்யமா? பன்னெண்டு வருஷமா அந்த ரூம் காத்த மாசா மாசம் அளக்கறவ நான். பம்ப் நல்லா ஓடினாலே நாலு, அஞ்சு காட்டும். பூஜ்யம் வந்ததா சரித்திரமே இல்ல!"

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உள்ள போய்ப் பாத்துடலாமே. வாங்க மேனேஜர் சார்."

மேனேஜரின் கை தானாகச் சுவரில் தொங்கிய மாஸ்க்கை எடுத்தது.

"பூஜ்யத்துக்கு எதுக்கு சார் மாஸ்க்?" என்றாள் அவள்.

மேனேஜர் மாஸ்க்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

இன்ஸ்பெக்டர் மாஸ்க்கைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனார். திரும்பியபோது கையில் ஒரு பாலிதீன் பை.

"கேஸை மோந்து பாக்கற சென்சார் மேல இத மாட்டி டேப் சுத்தியிருக்கு. மூக்கப் பொத்திட்டா வாசன எப்படித் தெரியும்?"

மேனேஜர் உடைந்தார். "ப்ளான்ட் ஒரு தடவ நின்னா திரும்ப ஓட்ட ரெண்டு நாளாகுது சார்! போன மாசம் முழுக்க அந்த அலாரம் தொட்டதுக்கெல்லாம் கத்துச்சு..."

"உண்மையத்தான கத்தியிருக்கு!" அவள் குரல் கிழிந்தது.

"யாரு கட்டினது?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அது... செத்துப்போனவர்தான் சார்."

இன்ஸ்பெக்டர் பையைத் திருப்பினார். "லேபிள் ஒட்டியிருக்கே. யார் எழுத்தும்மா இது?"

அவள் பையைக் கிட்டத்தில் வாங்கிப் பார்த்தாள்.

அவள் எழுத்து! லேபின் சாம்பிள் பை. போன திங்கட்கிழமை, 'அக்கா, ஒரு கவர் குடேன்' என்று கேட்டவனிடம், எதற்கு என்றுகூடக் கேட்காமல் நீட்டியது.

திரும்பினாள். கூட்டத்தின் பின்னால் தம்பி. அழுது வீங்கிய முகம். வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

வாயை மூடிக்கொண்டால் தம்பி தப்பிப்பான். பழி முழுக்கப் புருஷன் தலையில். செத்தவன் வந்து மறுக்கவா போகிறான்?

"என் எழுத்துதான் சார். குடுத்தது நான். வாங்கிட்டுப் போனது..." விரலை நீட்டினாள். "தோ நிக்கறானே, என் தம்பி!"

கான்ஸ்டபிள் அவன் கையைப் பிடித்தார்.

"மேனேஜர்தான்க்கா கட்டச் சொன்னாரு! மாமா உள்ள போவாருன்னு சத்தியமா தெரியாதுக்கா!"

மேனேஜரையும் அவனையும் சேர்த்தே ஜீப்பில் ஏற்றினார்கள். இன்ஸ்பெக்டருக்கே என்னவோ போலாகிவிட்டது.

"வீட்ல வேற யாரும்மா இருக்கா?"

"நான்தான் சார்!" கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "தெனம் மூணு டிபன் பாக்ஸ் கட்டிக் கட்டி இடுப்பு ஒடிஞ்சுது... நாளையிலருந்து ஒண்ணு போதும்!"