கதவிடுக்கில் ஒரு செருப்பு

அந்த வீட்டில் எந்தக் கதவும் மூடாது. ஒவ்வொரு கதவிடுக்கிலும் ஒரு ஒற்றைச் செருப்பைச் செருகி வைத்திருந்தார்கள். குளியலறைக்குக்கூட விலக்கு இல்லை.

"பைத்தியக்கார வீடுன்னு நெனச்சிடாதீங்க மேடம்," என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தார் வீட்டுக்காரர். பஸ் ஓட்டுநர். "எங்கப்பா செய்வார், நானும் செய்றேன். ஏன்னு கேட்டா தெரியாது."

"இவர் என்னவோ செஞ்சுட்டுப் போகட்டும்," என்று இடையில் புகுந்தார் மனைவி. "ஆறு வயசுப் பிள்ளை தூங்காம கதவுக்குக் காவல் உக்காந்திருக்கு. அவ கண்ணப் பாருங்க. இது என் பொண்ணோடயாவது நிக்கணும்."

நான் குடும்ப ஆலோசகர். பதினெட்டு வருடத் தொழில். தாத்தா பட்ட அடி பேத்திக்கு வலிக்கும் என்பதுதான் என் பிழைப்பே. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் சிரிப்பு வந்துவிடும். அன்று மதியம்வரை வந்தது.

கூடத்தில் பெரிய தாளை விரித்து வழக்கம்போல் குடும்ப வரைபடம் போட்டேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. ஓட்டுநரின் அப்பா மூலையில் உட்கார்ந்திருந்தார். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று அவரிடம் கேட்டேன்.

"நான் ஒத்தை ஆளும்மா."

குழந்தை என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். பெரியவரின் சதுரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டு, குறுக்கே கோடும் இழுத்தாள்.

"இது யாரு கண்ணு?"

"தாத்தாவோட அக்கா. அவளுக்கு இருட்டுன்னா பயம்."

பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. "யாருக்குமே சொல்லலையே," என்றார். "என் பொண்டாட்டிக்குக்கூடச் சொல்லலையே!"

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஏதோ பொய் சொன்னாள் என்று அவருடைய அப்பா, அக்காவைச் சாமான் அறையில் தள்ளித் தாழிட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். திறந்தால் தோலை உரித்துவிடுவேன் என்று தம்பியையும் மிரட்டியிருந்தார். அக்காவுக்கு மூச்சிழுப்பு உண்டு. அவள் உள்ளே கதவைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். தம்பி வெளியே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் சத்தம் நின்றுவிட்டது.

"அதோ, அந்த ரூம்தான்."

இங்கேதான் நான் அதிகப்பிரசங்கித்தனம் செய்தேன். எதற்குப் பயமோ அதையே, வெளிச்சத்தில், எல்லாரும் கூட இருக்கச் செய்து பார்ப்பது எங்கள் முறைகளில் ஒன்று. அவர்கள் தயாராகும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு எங்கே பொறுமை? சாமான் அறைக் கதவிடுக்கிலிருந்த செருப்பை நானே உருவினேன்.

"வேணாம்மா. அவ உள்ளதான் இருக்கா."

"ஒரே ஒரு நிமிஷம் ஐயா."

மூடித் தாழைப் போட்டேன்.

இருபது நொடி.

நாற்பது.

கதவின் அடிப்பக்கம், ஒரு சிறுமியின் கை எட்டும் உயரத்தில், நகம் சுரண்டியது.

பெரியவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஓட்டுநர் அசையவே இல்லை.

"ஆன்ட்டி, தொறங்க," என்று கிசுகிசுத்தாள் குழந்தை. "மூச்சு முட்டுது அவளுக்கு."

நான்தான் திறந்தேன். உள்ளே ஓர் உடைந்த வாளியும் பழைய துணி வாடையும்தான். சில்லென்று ஏதோ என் முழங்காலை உரசிக்கொண்டு வெளியே போனது.

திரும்பிப் பார்த்தால் குழந்தை அம்மா மடியில் தூங்கிப்போயிருந்தாள். அந்த அம்மா சத்தம் வராமல் அழுதார். எனக்குப் பயத்தையும் மீறிப் பெருமையாக இருந்தது. கிளம்பும்போது வாசலில் விட்ட என் செருப்பில் ஒன்றைக் காணவில்லை. நாய் தூக்கிப்போயிருக்கும் என்றார் ஓட்டுநர்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா போன் செய்தார். "நீங்க நல்லா இருக்கணும் மேடம். எல்லாக் கதவையும் மூடுறோம். பிள்ளை அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குது." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும் பிள்ளை கேக்கச் சொன்னா. தொறந்துவிட்டவங்க கூடத்தான் அந்த அக்கா போனாளாம். உங்க வீட்ல ஒழுங்கா இருக்காளான்னு..."

சிரித்துச் சமாளித்துவிட்டு வைத்தேன்.

வேலை விஷயத்தை வீட்டில் மூச்சுவிட மாட்டேன். தொழில் தர்மம். அன்று சாயங்காலம் வீடு திரும்பியபோது, என் எட்டு வயது மகள் குளியலறைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். இத்தனை நாளாக நான் எப்படிக் கவனிக்காமல் போனேன்?

கதவிடுக்கில், அந்த வீட்டில் தொலைந்த என் செருப்பு.

"எடுக்காதம்மா," என்றாள் மெதுவாக. "அவ உள்ள இருக்கா."

நான் எடுக்கவில்லை. வீட்டில் இன்னும் நாலு கதவு இருந்தது. செருப்பு அலமாரியைத் திறந்தேன்.