மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வு

ராயபுரத்தில் காத்தூன் பீவியின் அறைக்குள் சுஜா நுழைந்தபோது மணி எட்டு. ஞாயிற்றுக்கிழமை. காத்தூன் பீவி காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக, அடிபட்ட வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவர். அவரிடம் ஸ்கூட்டர் ஓட்டுவது, படம் எடுப்பது, அறிக்கையைத் தட்டச்சுக்குக் கொடுப்பது எல்லாம் தீனாவின் வேலை. நாற்பது வயதுக்காரன், முன்னாள் ஷேர் ஆட்டோ டிரைவர். வந்தவர்கள் உட்காருவதற்கு முன்பே குற்றவாளி யாரென்று சொல்லிவிடுவது அவனாக எடுத்துக்கொண்ட வேலை.

வந்தவளின் நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. அழுத முகம் இல்லை. சண்டைக்குத் தயாரான முகம்.

"அக்கா, எம்பேரு சுஜா. திருவொத்தியூர் ஒர்க் ஷாப் லைன்ல ஷெட்டு வெச்சினுகீறேன். பழைய வால்வ புதுசுன்னு போட்டு ஏமாத்திட்டேன்னு எம்மேல பழி. பதினோரு மணிக்கு மெக்கானிக் சங்கம் கூடுது. என் ஷெட்டு சாவிய வாங்கிடுவாங்க."

"உக்காரும்மா. வண்டி யாருது?"

"ஆண்ட்ரூன்னு ஒருத்தர், டாக்சி. பத்து நாளைக்கு மின்ன ஹெட்டக் கழட்டி, எட்டு வால்வும் புதுசு போட்டேன். ஒவ்வொண்ணையும் என் கையாலயே லேப்பிங் பண்ணேன்."

தலை அகலமான ஆணி போலத்தான் வால்வு இருக்கும். சிலிண்டருக்கு இரண்டு: காற்றை உள்ளே விட ஒன்று, எரிந்த புகையை வெளியே விட ஒன்று, அதுதான் எக்ஸாஸ்ட். இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டில் ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு வட்டமான இருக்கை உண்டு, சீட் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே பேஸ்ட்டைத் தடவி, காற்றுகூடப் புகாத அளவுக்குத் தேய்த்து உட்கார வைப்பதுதான் லேப்பிங். தேய்த்த இடத்தில் வால்விலும் சீட்டிலும் மெல்லிய சாம்பல் நிற வளையம் விழும். அதற்குப் பிறகு இந்த வால்வு இந்த சீட்டுக்குத்தான் சொந்தம். மாற்றிப் போட்டால் செய்த வேலை வீண்.

வியாழக்கிழமை ஆண்ட்ரூவின் வண்டி குலுங்கியிருக்கிறது. வியாழனும் வெள்ளியும் சுஜா சடையங்குப்பத்தில் தங்கை வீட்டில் இருந்தாள். ஆண்ட்ரூ பக்கத்து ஷெட் திருமலையிடம் போனார். திருமலை மறுநாள் லைன் முழுவதையும் கூப்பிட்டு நிற்க வைத்து ஹெட்டைப் பிரித்தார். கூட்டத்தில் யாரோ எடுத்த வீடியோ சுஜாவின் போனில் இருந்தது.

காத்தூன் பீவி பார்த்தார். ஒரு தட்டு நிறைய, சாமான் கழுவிக் கறுத்துப்போன டீசல். திருமலை ஸ்பிரிங்கை அழுத்தி, லாக்கை எடுத்து, வால்வுகளை ஒவ்வொன்றாக உருவி அதில் போட்டார். எட்டும் விழுந்ததும் கையை விட்டுத் துழாவி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அதன் ஓரம் எரிந்து, எலி கடித்த பிஸ்கட் மாதிரி இருந்தது. "பாத்துக்கோங்கபா. மூணாவது எக்ஸாஸ்ட்டு. பழசு" என்றார்.

"அக்கா, அந்த ஆண்ட்ரூ மேலதான் எனக்கு டவுட்டு" என்றான் தீனா. "ஆளோட மூஞ்சே சரியில்ல."

"வீடியோவுல அவர் முதுகுதான்டா தெரியுது" என்ற காத்தூன் பீவி, வீடியோவை இன்னொரு முறை ஓடவிட்டார். பிறகு சுஜாவிடம், "திருமலைக்கும் உனக்கும் எதாவது தகராறா?" என்று கேட்டார்.

"தகராறுலாம் இல்லக்கா. ஹெட்டு வேலைன்னா மின்னலாம் அவராண்டதான் போவாங்க. ரெண்டு வருசமா எங்கிட்ட வராங்க." அதைச் சொன்னபோது அவளை அறியாமலே தோள் நிமிர்ந்தது. தீனாவுக்கு அது பிடித்திருந்தது.

கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நெளிந்து திருமலையின் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. ஷெட் என்றால் அப்படி இருக்க வேண்டும். சுவர் நீளத்துக்கு ஷெல்ஃப். கழற்றிய சாமான் ஒவ்வொன்றும் துணியில் கட்டி, எந்த வண்டி, எந்த இடம் என்று துண்டுக் காகிதத்தில் எழுதிச் செருகியிருந்தது. தேய்ந்த நட்டுக்குக்கூட ஒரு மூட்டை. தீனா சும்மா இருக்காமல் எல்லாவற்றையும் படம் எடுத்தான்.

ஆண்ட்ரூவின் கார் ஹெட் இல்லாமல் நின்றது. காத்தூன் பீவி அதன் பானெட்டுக்குள் தலையை விட்டார். சிலிண்டருக்குப் பொறி கொடுக்கும் நான்கு காயில்களுக்குப் போகும் நான்கு ஒயர்கள் வரிசையாகத் தொங்கின. மூன்றாவது ஒயரில் மட்டும் புத்தம்புது கறுப்பு டேப், அழகாக, ஒரு சுருக்கமில்லாமல் சுற்றியிருந்தது.

"வண்டிய ராத்திரி எங்கப்பா உடுவ?" என்று பக்கத்தில் நின்ற ஆண்ட்ரூவைக் கேட்டார்.

"காசிமேட்டுல, மீன் மார்க்கெட்டாண்ட. ஏம்மா?"

"சும்மாதான்."

பதினோரு மணிக்கு அதே ஷெட்டில் சங்கம் கூடியது. தலைவர் பக்தவச்சலம் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், நியாயமானவர், ஆனால் கூட்டத்துக்குப் பயந்தவர். மேசை மேல் எட்டு வால்வுகள், பக்கத்தில் ஹெட், அதற்குப் பக்கத்தில் சுஜாவின் ஷெட் சாவி. இருபது பேர் சுற்றி நின்றார்கள். காத்தூன் பீவி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"திருமலை அண்ணே, எட்டு வால்வும் ஒரே தட்டுல கெடந்துச்சு. எக்ஸாஸ்ட் நாலும் ஒரே அளவு. கையில எடுத்ததும் மூணாவதுன்னு எப்படிச் சொன்னீங்க?"

"இதுல இன்னாமா கீது? வண்டிய ஸ்டார்ட் பண்ணப்பவே மூணாவது சிலிண்டர் அடிக்கலன்னு கண்டுக்கினேன். முப்பது வருச சர்வீசு."

"நெஜந்தான், மூணாவது அடிக்கல. மீன் மார்க்கெட்டாண்ட நிக்கிற வண்டி, காயில் ஒயரை எலி கடிச்சிருக்கு. அதுக்கு டேப் சுத்தினது யாரு?"

ஆண்ட்ரூ, "நானில்ல. எனக்கு டேப்பு சுத்தவே வராது" என்றார்.

"சுஜா அப்போ லைன்லயே இல்ல. நீங்கதான் சுத்தியிருக்கணும். அறுந்த ஒயரைப் பாத்துட்டு அப்படியே உட்டுட்டுப் போற ஆள் இல்ல நீங்க. அத்தோட வண்டி சரியாயிருக்கும். ஹெட்டைத் தொட வேண்டிய வேலையே இல்ல." காத்தூன் பீவி எரிந்த வால்வை எடுத்தார். "சரி, இது இந்த ஹெட்டுல எரிஞ்சதுன்னே வெச்சுக்குவோம். ஓரம் இவ்ளோ தின்னிருக்கு. அந்த ஓட்டை வழியா நெருப்பு போயிருந்தா சீட்டு மட்டும் தப்பிக்குமா? தீனா, டார்ச் அடி."

தீனா டார்ச் அடித்தான். பக்தவச்சலம் குனிந்து பார்த்தார். மூன்றாவது எக்ஸாஸ்ட் சீட்டில் ஒரு கீறல் இல்லை. சாம்பல் நிற வளையம் ஒரே சீராக, முழுசாக இருந்தது. மற்ற மூன்றும் அப்படியே.

"அப்போ இந்த வால்வு வேற எங்கியோ எரிஞ்சது" என்றார் பக்தவச்சலம் மெதுவாக.

"ஆமா. வீடியோவுல முதல் வால்வு விழறதுக்கு மின்னாடியே தட்டுல டீசல் கன்னங்கரேல்னு இருக்கு. அடியில என்ன கெடந்தாலும் தெரியாது. எட்டு வால்வு உள்ள போச்சு, அடியில ஏற்கெனவே ஒண்ணு. மொத்தம் ஒம்பது. மேசையில எட்டுதான் இருக்கு. இந்த ஷெல்ஃப்பைப் பாருங்க. தேஞ்ச நட்டுக்கே பேர் எழுதி வைக்கிற கை, எட்டு வால்வையும் கலந்து ஒரே தட்டுல போடுமா? வேணும்னேதான் போட்டுச்சு. ஆனா கூட்டம் கலைஞ்சப்புறம் அந்தக் கை பழைய கைதான். தீனா, ஷெல்ஃப்புல தேடு."

தீனா பாய்ந்தான். அவன் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக எதையும் தேடியதில்லை. ஆறு மூட்டை, பத்து மூட்டை, பதினாலாவது மூட்டை. சின்னதாக, வெள்ளைத் துணியில். காகிதத்தில் குண்டு குண்டான எழுத்து: "ஆண்ட்ரூ டாக்சி. 3 எக்ஸாஸ்ட்." பிரித்தால், புது வால்வு, எண்ணெய் தடவி வைத்திருந்தது.

கூட்டம் திருமலை பக்கம் திரும்பியது. அவர் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தார்.

"கடல்ல போட்டுருக்கலாம். எடுத்துக்கினும் போனேன்" என்றார். "மூணாவது சீட்டுல வெச்சுப் பாத்துதான் தட்டுலேர்ந்து எடுத்தேன். விரல்ல தடவிப் பாத்தேன். அப்படி ஒக்கார வெச்ச வால்வத் தூக்கிப் போட மனசு வரல."

பக்தவச்சலம் சாவியை எடுத்து சுஜாவிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"இரு தலைவரே. இன்னும் முடியல. சீட்டப் பாத்தீங்க, வேலையப் பாக்கல."

அவள் எக்ஸாஸ்ட் வால்வுகளின் ஓரத்தில் பென்சிலால் குறுக்கே கோடுகள் போட்டாள். சீட்டில் வைத்து லேசாகத் திருகினாள். சொந்த சீட்டில் உட்கார்ந்தால் எல்லாக் கோடும் அழியும், இல்லாவிட்டால் ஒன்றிரண்டு மிஞ்சும். அப்படியே ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் சேர்த்தாள். மூட்டையிலிருந்து வந்தது மூன்றாவதில் உட்கார்ந்து எல்லாக் கோட்டையும் அழித்தது. ஸ்பிரிங், லாக் பூட்டி, புகை போகும் துவாரங்கள் மேலே பார்க்கும்படி ஹெட்டைச் சாய்த்து நிறுத்தினாள். யாரோ டீசல் கேனை எடுத்துக் கொடுத்தார்கள்.

"டீசல் கெட்டி, ஈசியா நின்னுக்கும். பெட்ரோல் ஊத்துங்க."

கூட்டத்தில் ஒருவர் பீடியை அணைத்தார். தீனா அவரை நாலு அடி தள்ளியே நிற்க வைத்தான். நான்கு துவாரத்திலும் பெட்ரோல் விளிம்பு வரை நின்றது. எங்காவது கசிகிறதா என்று இருபது பேரும் வால்வுகளின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். தீனா விரலால் தடவிப் பார்த்தான். உலர்ந்திருந்தது. யாரோ பெற்ற பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்ததுபோல அவனுக்கு நெஞ்சு விம்மியது, அதை மறைக்கவும் அவன் முயலவில்லை.

"திருமலை ஷெட்டை இன்னிக்கே மூடறோம்" என்றார் பக்தவச்சலம், தைரியம் வந்தவராக.

"அத்த அப்புறமா பேசிக்கோங்க" என்றாள் சுஜா. டயர் மேல் இருந்தவரிடம் போய் நின்றாள். "மாமு, வெள்ளிக்கிழமை லைனையே கூப்ட்டு வெச்சு, பழசுன்னு சொன்னியே. இதோ அதே லைன்தான் நிக்குது. இது யார் ஒக்கார வெச்ச வால்வு, அதையும் நீயே சொல்லு."

திருமலை எழுந்து ஹெட்டின் அருகே வந்தார். குனிந்து நான்கு வால்வையும் ஒவ்வொன்றாகத் தடவினார். நிமிர்ந்தபோது குரல் எல்லோருக்கும் கேட்டது.

"சுஜா ஒக்கார வெச்சது. இந்த லைன்ல வேற யாருக்கும் இப்படி வராது. எனக்கும் வராது."

சுஜா சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். ஹெட்டைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்ற ஆண்ட்ரூவிடம் சொன்னாள்:

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து வண்டிய எடுத்துக்க."