ருக்ஸானா வீட்டு டவர்

காலை பத்து மணிக்குப் போன கரண்ட் மூன்று மணி ஆகியும் வரவில்லை. ஆனால் உள்ளறைக் கம்ப்யூட்டரில் அபாகஸ் டீச்சரின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுப்படியில் மீனுக்கு மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசறிக்கொண்டிருந்த ஜுவைரியாவின் கை சட்டென்று நின்றது. மாதம் ஒருமுறை வருகிற பராமரிப்பு மின்தடை. கீழக்கரை முழுக்கச் சாயங்காலம் ஐந்து மணி வரை கரண்ட் இருக்காது என்று நேற்றே சொல்லிவிட்டார்கள். உள்ளறையில் ஒரு லைட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும் இன்வெர்ட்டர் உண்டு. ரூட்டர் இருப்பது வாசல் ஹாலில், அதற்கு இன்வெர்ட்டர் லைன் இழுக்கவில்லை. கம்ப்யூட்டர் ஓடலாம். நெட் எப்படி ஓடும்?

"சுஹா, என் போன்லருந்து நெட்டு போட்டியா?"

"இல்ல உம்மா."

போன் அடுப்படி மேடையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்தான் கிடந்தது.

ஜுவைரியாவுக்கு எதையும் அப்படியே விட்டுவிடத் தெரியாது. பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். கேஸை மூடிவிட்டுப் படுத்த பிறகும் எழுந்துபோய்ப் பார்ப்பாள். ஒரு டீ வடிகட்டி வாங்க நூறு ரிவ்யூ படிக்கிறவள். ஷார்ஜாவில் இருக்கிற அவள் கணவன் சஃபீருக்கு இது ஓயாத கிண்டல். "என்னையக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி எத்தன ரிவ்யூ படிச்ச?" என்பான்.

இந்த வைஃபை அடாப்டருக்கும் அப்படித்தான் படித்தாள். அவர்கள் வீட்டுச் சுவர் பழைய சுவர், ஒரு முழம் கனம்; வாசலில் இருக்கிற ரூட்டரின் டவர் உள்ளறைக் கம்ப்யூட்டருக்கு எட்டாது. ஒன்பது வயது சுஹாவின் வகுப்பு பாதியில் அறுந்து அறுந்து போனது. கட்டைவிரல் அளவு அடாப்டரைக் கம்ப்யூட்டரில் செருகி, அதன் குட்டி ஆன்டெனாவை நிமிர்த்தினால் போதும் என்றார்கள். மூன்று சுவர் தாண்டி டவர் வருகிறது, அருமை என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். பத்து நாளில் சூடாகிச் செத்துப்போனது என்று ஒரு பெண் திட்டித் தீர்த்திருந்தாள். ஒரே ஒரு ரிவ்யூ மட்டும் வேறு மாதிரி இருந்தது. 'எங்கள் வீட்டுப் பக்கம் இல்லாத வைஃபை எல்லாம் காட்டுகிறது. கழற்றினேன். கழற்றிய பிறகும் காட்டுகிறது.' அது தங்களுக்கு உதவியாக இருந்ததாக முப்பத்தேழு பேர் அமுக்கியிருந்தார்கள். யாரோ கிறுக்கன் என்று ஜுவைரியா சிரித்துக்கொண்டே ஆர்டர் போட்டாள். பார்சல் வந்து மூன்று நாள்தான் ஆகிறது.

கையைக் கழுவிவிட்டு, போனையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். ஜன்னல் சாத்தியிருந்ததால் அறையில் வெக்கை தேங்கி நின்றது. கடல் பக்கமிருந்து வருகிற கருவாட்டு வாடையோடு, நெடுநாள் திறக்காத பீரோவைத் திறந்தால் வருகிற பாச்சா உருண்டை வாடையும் சேர்ந்து வந்தது. திரையில் டீச்சரும் ஐந்து பிள்ளைகளும் கட்டம் கட்டமாக இருந்தார்கள். ஏழாவது கட்டத்தில் சுஹா. எட்டாவது கட்டம் கறுப்பாக இருந்தது.

ஜுவைரியா குனிந்து வைஃபை பட்டியலைத் திறந்தாள். மற்ற நாளில் தெருவே அங்கே வரிசை கட்டி நிற்கும், பதினொரு பெயர். இன்று தெருவில் எந்த ரூட்டருக்கும் உயிர் இல்லை. ரூட்டருக்கும் இன்வெர்ட்டர் உள்ள இரண்டு வீடும் பள்ளிவாசல் பக்கம், இங்கே எட்டாது. பட்டியல் காலியாக இருக்க வேண்டும்.

ஒரே ஒரு பெயர் இருந்தது. ருக்ஸானா வீடு. இணைக்கப்பட்டுள்ளது.

ருக்ஸானா அவள் லாத்தா, கூடப்பிறந்த அக்கா. கீழக்கரையில் வீடு பெண்ணுக்குத்தான். வாப்பா இரண்டு பெண்களுக்கும் ஒட்டினாற்போல இரண்டு வீடு கட்டி, தெருவில் இறங்காமலே போய் வர நடுச்சுவரில் ஒரு கதவும் வைத்துக் கொடுத்தார். உள்ளறைக்கு வெளியே நடையில் இருக்கிறது அந்தக் கதவு. குழம்பும் பிள்ளைகளும் வம்பும் அந்த வழியாகத்தான் போய் வரும். நெட்டுக்கும் அதே வழக்கம்: இரண்டு வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு, ஒரு வீட்டில் போனால் மறு வீட்டில் எடுத்துக்கொள்வது. அடாப்டர் போட்ட அன்றே சுஹா பெரியம்மா வீட்டுப் பெயரைப் பார்த்துப் பழைய பாஸ்வேர்டைத் தட்டிவிட்டிருக்கிறாள். மற்றவர்களாக இருந்தால் அடுத்த வீட்டு வைஃபையைத் தொடுமுன் யோசித்திருப்பார்கள். இந்த இரண்டு வீட்டுப் பிள்ளைக்கு அது அடுத்த வீடே இல்லை.

ஆனால் ருக்ஸானா குடும்பத்தோடு மலேசியா போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அந்த வீட்டில் ப்யூஸைப் பிடுங்கி வைத்திருக்கிறது. நடுக்கதவு இந்தப் பக்கம் தாழ் போட்டபடி கிடக்கிறது.

"பெரியம்மா வந்துட்டாங்க உம்மா," என்றாள் சுஹா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "கிளாஸ்ல இருக்காங்க. அந்தா."

கறுப்புக் கட்டத்தின் கீழே சின்ன எழுத்தில் இருந்தது, ருக்ஸானா வீடு என்று.

ஜுவைரியா நடைக்கு வந்து அருள்முருகனுக்குப் போன் போட்டாள். அபிராமத்துக்காரன், இந்தத் தெருவுக்கே நெட் கொடுக்கிறவன்.

"அக்கா, அது ரூட்டர்ல பேட்டரி ஏதாச்சும் இருக்கும்," என்றான். "டவர் எத்தன கோடு காட்டுது?"

எட்டிப் பார்த்தாள். "ரெண்டு."

"அப்ப அந்த வீட்டு வாசப் பக்கம் இருக்குது. விடுங்கக்கா."

"இப்ப மூணு ஆயிருச்சு."

அவன் சிரித்தான். "கூடிக் கொறையாதேக்கா. ஒங்க கம்ப்யூட்டரு மேசையில ஒக்காந்த எடத்துலதான இருக்கு? அது நகராது. டவர் கூடுதுன்னா அங்கன யாரோ ரூட்டரத் தூக்கிக்கிட்டு ஒங்க பக்கமா நடந்து வாராங்கன்னுதான் அர்த்தம்." தன் வேடிக்கையை அவனே ரசித்துவிட்டு, அஞ்சு மணிக்கு வாரேன் என்று வைத்துவிட்டான்.

ஜுவைரியா அந்த மூன்று கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கோடு அணைந்தது. மறுபடி எரிந்தது. நடுச்சுவருக்கு அப்பால், மிக மெதுவாக, ஏதோ தரையில் உரசுகிற சத்தம். வயரை இழுத்துக்கொண்டு போனால் வருமே, அந்தச் சத்தம். அதுவும் நின்றது. கோடு மூன்றிலேயே நின்றது. பூனையாக இருக்கும் என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

உள்ளே போய்க் கையை நீட்டி அடாப்டரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கினாள். கொதிக்கும் என்று நினைத்தது ஐஸாகச் சில்லிட்டது. அதை மேசைமேல் போட்டாள்.

டீச்சர் பேச்சை நிறுத்தவில்லை. ஏழு கூட்டு எட்டு. எட்டு கூட்டு எட்டு. பட்டியலில் அதே பெயர், அதே மூன்று கோடு.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. ரூட்டர் இல்லாமலே நெட் ஓடுகிறது என்று சொல்லி ஓடினால் தெருவே சிரிக்கும் என்றும் தோன்றியது. லாத்தாவிடம் கேட்டுவிட்டால் தீர்ந்தது. ஹாலில்தான் மலேசியாவுக்கு லைன் சரியாகக் கிடைக்கும். "எந்திரிக்காத, இந்தா வாரேன்," என்று சுஹாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாவது மணியில் ருக்ஸானா எடுத்தாள்.

"லாத்தா, ஒங்க வீட்டுல ரூட்டரு ஓடுதா?"

"கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? ரூட்டர நான் கெளம்புறப்பவே கழட்டிக் கையோட இங்க கொண்டாந்துட்டேனே." பின்னால் பாத்திரம் உருளும் சத்தம். "சரி புள்ள, ஒன்னு கேக்கணும்னு இருந்தேன். அந்த வீட்டுக்குள்ள சுஹாவ ஏன் தனியா விடுற? பூச்சி பொட்டு இருக்கும்ல."

"யாரு விட்டா?"

"ரெண்டு நாளா போட்டோ வருதே. என் ஹால்ல ஒக்காந்துக்கிட்டு எடுத்து அனுப்புறா. நீதான் கூட்டிப் பெருக்கத் தொறந்திருக்கன்னு நெனச்சேன். ஆனா, எடுக்குறது யாரு புள்ள? ரெண்டு கையும் மடியிலல்ல வச்சிருக்கா..."

ஜுவைரியா போனை எங்கே போட்டாள் என்று தெரியாது. உள்ளறைக்கு ஓடினாள்.

நாற்காலி காலி.

டீச்சர் இல்லை. பிள்ளைகள் இல்லை. திரை முழுக்க அந்தக் கறுப்புக் கட்டம் மட்டும். ஓரத்தில் நாலு கோடு.

நடைக்கு வந்தாள். நடுக்கதவு திறந்து கிடந்தது.

"சுஹா!"

பிஸ்மில்லா சொல்லிக்கொண்டு உள்ளே கால் வைத்தாள். பதினான்கு மாதப் பூட்டுக்குள் கிடந்த காற்று. பாச்சா உருண்டை. சுண்ணாம்பு. மேலே கண்ணாடி ஓட்டின் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது. தூசி படிந்த தரையில் சின்னப் பாதங்கள், ஒரு வரிசை, உள்ளே போயிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை. அந்தத் தடத்துக்குப் பக்கத்திலேயே, கயிறு இழுபட்டது போல ஒரு கோடு.

தைரியம் என்று எதுவும் அவளிடம் அப்போது இல்லை. பிள்ளை அங்கே இருந்தாள், அதனால் போனாள்.

ஹாலில், துணி போர்த்திய சோபாவின் ஓரத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள் சுஹா. மஞ்சள் கவுன். இரட்டைச் சடை. இரண்டு கையும் மடியில்.

"சுஹா. வா. உம்மா கிட்ட வா."

திரும்பவில்லை. ஜுவைரியா பின்னாலிருந்தே வாரி எடுத்தாள். பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டது. அழவில்லை. ஒரு சத்தமும் இல்லை. ஓடினாள். முழங்கால் எதிலோ இடித்தது. மாடிப்படிப் பக்கம் என்னவோ அசைந்தது. பார்க்கவில்லை. கதவு. நடை. தன் வீடு. கதவை உதைத்துச் சாத்தினாள். தாழைப் போட்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள். பிள்ளையின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல, உம்மா வந்துட்டேன்ல." பிள்ளை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டது. பயந்துவிட்டாள், பாவம். உடம்பெல்லாம் சில்லிட்டுக் கிடக்கிறது.

உள்ளறையில் ஸ்பீக்கர் கரகரத்தது.

"உம்மா."

நடையில் நின்றபடியே பார்த்தாள். வாசல் நிலைக்குள் திரை தெரிந்தது. கறுப்புக் கட்டத்தில் வெளிச்சம் வந்திருந்தது. லாத்தா வீட்டு மாடிப்படி. அதன் அடியில் மஞ்சள் கவுன் போட்ட பிள்ளை, வாயைப் பொத்திக்கொண்டு ஒளிந்திருந்த பிள்ளை, இப்போது எழுந்து கேமராவுக்கு முதுகு காட்டி ஓடுகிறது. நடுக்கதவு வரை ஓடுகிறது. இரண்டு கையாலும் கதவைத் தட்டுகிறது.

"உம்மா! நான் இங்கன இருக்கேன்! உம்மா, தொறங்க!"

ஸ்பீக்கரில் தட்டுகிற சத்தம். ஜுவைரியாவின் முதுகுக்குப் பின்னால், கதவுப் பலகையில், அதே சத்தம். இரண்டும் ஒன்றாக.

திரையில் அந்தப் பிள்ளைக்குப் பின்னால் சோபாவின் போர்வை மெல்ல எழும்பியது.

"உம்மா, வருது! தொறங்க உம்மா!"

அது சுஹா. அந்தக் குரல் அவள் பெற்ற குரல். ஜுவைரியா திரும்பித் தாழைப் பிடித்தாள். இழுத்தாள்.

கழுத்தைக் கட்டியிருந்த கைகளில் ஒன்று அவிழ்ந்தது. அது அவள் தோளைத் தாண்டி நீண்டு, அவசரமே இல்லாமல், தாழின்மேல் இருந்த அவள் கையை மூடியது. சுஹாவின் சின்ன விரல்கள்தான், நகத்தில் பெருநாளைக்கு வைத்த மருதாணிகூட அப்படியே இருந்தது. தட்டுகிற சத்தம் வேகமாயிற்று. ஜுவைரியா இரண்டு காலையும் ஊன்றித் தன் பலம் முழுவதையும் போட்டு இழுத்தாள். தாழ் அசையவில்லை. முகம் அவள் தோளிலேயே புதைந்திருந்தது, அந்தக் கை அவள் கையை அழுத்திக்கொண்டே இருந்தது.